உஷார்! ‘காது நார்மல்’ ரிப்போர்ட்டை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்

உங்கள் வீட்டுப் பெரியவர் தனியாகப் பேசினால் நன்றாகவே பதில் சொல்கிறார். டி.வி. ஓடும்போதோ, நாலு பேர் சேர்ந்து பேசும்போதோ மட்டும் “என்ன? என்ன?” என்கிறார். இல்லையென்றால் ஒன்றும் கேட்காமல் சும்மா தலையாட்டுகிறார். காது டாக்டரிடம் கூட்டிப் போனீர்கள், டெஸ்ட் எடுத்தார்கள், ‘நார்மல்’ என்றோ ‘வயசுக்கு ஏத்த குறைதான்’ என்றோ ரிப்போர்ட் வந்தது. வீடு திரும்பியதும், “காது நல்லாத்தான் இருக்கு, வேணும்னேதான் கேக்காத மாதிரி இருக்கார்” என்று முடிவு கட்டிவிட்டீர்களா?

உஷார்! அந்த ரிப்போர்ட்டில் தப்பு ஏதும் இருக்காது. ஆனால் நீங்கள் எந்தச் சந்தேகத்தோடு போனீர்களோ அதற்கான பதில் அதில் கிடையாது. அந்தப் பதிலைத் தரும் சோதனையைப் பெரும்பாலான இடங்களில் செய்வதே இல்லை.

வழக்கமான காது டெஸ்ட் எப்படி நடக்கிறது? வெளிச்சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்கார வைக்கிறார்கள். ஹெட்ஃபோன் மாட்டி, ‘பீப்’ சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்கிறார்கள். 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு சுருதியும் எத்தனை டெசிபலில் காதில் விழ ஆரம்பிக்கிறது என்று குறிக்கிறார்கள். அந்தப் புள்ளிகளைக் கோடாக இழுத்தால் ஆடியோகிராம். 25 டெசிபலுக்குள் இருந்தால் ‘நார்மல்’ என்று எழுதும் வழக்கம் இன்றும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் அந்த எல்லையை 20-ஆகக் குறைத்துவிட்டது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை அவசியம். குறை எவ்வளவு, கோளாறு நடுச்செவிப் பக்கமா நரம்புப் பக்கமா என்று பிரித்துச் சொல்ல இது உதவுகிறது. ஆனால் நாம் யாரும் அந்த அறைக்குள் குடியிருக்கவில்லை, ‘பீப்’ சத்தத்தில் யாரும் நம்மிடம் பேசுவதும் இல்லை. பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பார்த்துவிட்டு, மழை ரோட்டில் பிரேக் பிடிக்கும் என்று சர்டிபிகேட் கொடுத்தால் ஒப்புக்கொள்வோமா?

நோயாளிகள் தங்கள் குறையைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். “சத்தம் கேக்குது டாக்டர், வார்த்தைதான் புரியல.” இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. சத்தம் காதில் விழுவது ஒரு வேலை. விழுந்த சத்தத்துக்குள்ளிருந்து இரைச்சலை ஒதுக்கிப் பேச்சைப் பிரித்தெடுப்பது வேறு வேலை. முதல் வேலையை மட்டும் அளந்துவிட்டு இரண்டாவதைப் பற்றிச் சான்றிதழ் தரக் கூடாது.

இரைச்சலில் வார்த்தை எப்படித் தொலைகிறது? பேச்சின் பலம் உயிரொலிகளில் இருக்கிறது, தெளிவு மெய்யொலிகளில் இருக்கிறது. ஆ, ஓ என்று வாய் திறந்து வரும் ஒலிகளின் சக்தி பெரும்பாலும் கீழ்ச் சுருதியில், 1,000 ஹெர்ட்ஸுக்கு உள்ளேயே அடங்கிவிடும். ச, ட, த, க போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுணுக்கமோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிக மெலிந்த ஒலியாக இருக்கிறது. வயதும், வேலையிடத்துச் சத்தமும் முதலில் பறிப்பது இந்த மேல் பகுதியைத்தான். மிச்சத்தை ஃபேன், டி.வி., பஸ் இரைச்சல் மூடிவிடுகின்றன. கடை, தடை, படை மூன்றும் ஒன்றாகின்றன. பத்தா பட்டா தெரிவதில்லை. இருபது, அறுபது, எழுபது எல்லாவற்றிலும் ‘பது’ மட்டும் மிஞ்சுகிறது.

மெயின் ரோட்டை ஒட்டிய மருந்துக் கடை ஒன்றில் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். கரண்ட் போயிருந்தது. வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வயதான அம்மா ஒருவர் சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருந்தார்.

“காலையில அரை, ராத்திரி ஒண்ணும்மா. சாப்பிடறதுக்கு முன்னாடி” என்றார் கடைக்காரத் தம்பி. அம்மா தலையாட்டினார்.

தம்பி கெட்டிக்காரர். விடவில்லை. “நான் என்ன சொன்னேன், நீங்க ஒருக்கா சொல்லுங்க பாப்போம்?”

“காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டுட்டு. அதானேப்பா?”

காலை, ராத்திரி, சாப்பாடு மூன்றும் அவர் காதில் விழுந்திருந்தன. நடுவில் விட்டுப்போனதை மூளை தானாக நிரப்பிக்கொண்டது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை, அசட்டையாகவும் இல்லை. சரியாகக் கேட்டதாகவே நம்பினார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. காதில் விழவே இல்லை என்றால் திரும்பக் கேட்போம். தப்பாக விழுந்தது சரியாக விழுந்ததாகவே தோன்றினால் யார் திரும்பக் கேட்பார்கள்? அந்தத் தம்பி திருப்பிச் சொல்லச் சொல்லாமல் விட்டிருந்தால், காலை மாத்திரை இரண்டு மடங்காகி, சர்க்கரை இறங்கி, எங்கேயாவது மயங்கி விழுந்திருப்பார். “வயசாச்சு, மயக்கம் வந்துடுச்சு” என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்போம்.

வயதானவர்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை என்று இளையவர்கள் ஒதுங்க வேண்டாம். 2009-இல் அமெரிக்காவில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். நாளடைவில் எலிகளின் கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது. நம்முடைய ஆடியோகிராம் போல ஒன்று எடுத்தால் ‘நார்மல்’தான். ஆனால் உட்செவியைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, உணர்செல்லுக்கும் நரம்புக்கும் நடுவிலுள்ள இணைப்புகளில் பாதி வரை சில பகுதிகளில் அழிந்துபோயிருந்தன. அழிந்தவை திரும்பவில்லை. ‘மறைந்திருக்கும் செவித்திறன் இழப்பு’ என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான். உயிரோடிருக்கும் மனிதரின் உட்செவியைத் திறந்து எண்ண முடியாது. அதனால் மனிதரில் இதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இறந்தவர்களின் உட்செவியை ஆராய்ந்தபோது, வயது கூடக் கூட இந்த இணைப்புகள் குறைந்திருப்பது தெரிந்தது. கச்சேரியோ டி.ஜே.வோ முடிந்து வந்ததும் காது ‘ஙொய்’ என்கிறது, மறுநாள் சரியாகிவிடுகிறது. சரியாகிவிட்டது என்பதற்கு அந்த ‘பீப்’ டெஸ்ட் மட்டும் அத்தாட்சி ஆகாது.

சரி, இரைச்சலில் பேச்சுப் புரிகிறதா என்று பார்க்க வழியே இல்லையா? இருக்கிறது, பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

‘ஸ்பீச்-இன்-நாய்ஸ்’ டெஸ்ட் என்று கேளுங்கள். பல வகை உண்டு. உதாரணத்துக்கு, 2004-இல் மீட் கில்லியனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ‘குவிக்சின்’ என்ற ஆங்கிலச் சோதனை. ஹெட்ஃபோனில் ஒரு குரல் ஒரு வாக்கியம் சொல்லும். பின்னால் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். நாம் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தில் குரல், பின்னணிப் பேச்சைவிட 25 டெசிபல் தூக்கலாக இருக்கும், சிரமமே இருக்காது. அடுத்தது 20, பிறகு 15, 10, 5. ஆறாவது வாக்கியத்தில் பூஜ்யம், அதாவது குரலும் கூச்சலும் ஒரே அளவு. நல்ல காது உள்ளவர்கூட அங்கே திணறுவார். வாக்கியத்துக்கு ஐந்து முக்கியச் சொற்கள், மொத்தம் 30. எத்தனை சரியோ அதை 25.5-இலிருந்து கழித்தால் வருவதுதான் மதிப்பெண். 3 வரை இயல்பு. 3-க்கு மேல் 7 வரை லேசான குறை, 15 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் கடுமை. ஒரு பட்டியல் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும்.

ஒரே நிமிடம்! டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் நேரத்தில் இதைப் பத்துத் தடவை செய்துவிடலாம்.

மதிப்பெண் 7 என்றால், இயல்பான காதுக்காரருக்குப் பாதி வார்த்தைகள் புரியும் இடத்தில் இவருக்கும் அதே அளவு புரிய, பேச்சு இன்னும் 7 டெசிபல் தூக்கலாக இருக்க வேண்டும். கேட்க ஏதோ சின்ன எண் போலத் தெரியும். அந்தத் திணறல் எல்லையில் ஒவ்வொரு டெசிபலும் ஏறத்தாழ பத்து சதவீதச் சொற்களைக் கொடுக்கும் அல்லது பறிக்கும். 7 டெசிபல் போய்விட்டால் கல்யாண மண்டபத்தில் அவருக்கு மிஞ்சுவது வெறும் உதட்டசைவு.

முக்கியமான விஷயம், ஒரே மாதிரி ஆடியோகிராம் உள்ள இரண்டு பேருக்கு இந்த மதிப்பெண் வேறுவேறாக வரும். ஆடியோகிராமைப் பார்த்து இதை ஊகிக்க முடியாது, அளந்தே ஆக வேண்டும். கார்ஹார்ட், டில்மன் என்ற இரண்டு முன்னோடி ஆய்வாளர்கள் 1970-லேயே இந்தச் சோதனையை வழக்கமான பரிசோதனையில் சேர்க்கச் சொன்னார்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை அலசிப் பார்த்து, அமைதியில் சொல் கேட்டுச் சொல்லும் சோதனையை முதலில் செய்வதற்குப் பதிலாக, இரைச்சல் சோதனையையே பலருக்கும் முதல் சோதனையாக வைக்கலாம் என்று எழுதினார்கள். இடையில் 53 ஆண்டுகள்! அமெரிக்காவிலேயே இன்னும் கேட்டு வாங்க வேண்டிய நிலை என்றால், இங்கே யாராவது தானாக முன்வந்து செய்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

கேட்டு வாங்கும்போதும் சில இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. முதலாவது, மொழி. நல்ல காது உள்ளவர்கூட, தாய்மொழி அல்லாத மொழியை இரைச்சலில் கேட்டால் கணிசமாகத் தடுமாறுவார் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். தமிழ் மட்டுமே பேசிப் பழகிய தாத்தாவுக்கு ஆங்கில வாக்கியத்தைப் போட்டு, “உங்களுக்குக் குறை அதிகம், விலை கூடின மெஷின்தான் வேணும்” என்றால் அங்கே அளக்கப்பட்டது அவருடைய காது இல்லை, அவருடைய இங்கிலீஷ். “தமிழில் பதிவு செய்த சோதனை இருக்கிறதா?” என்று முதலிலேயே கேளுங்கள். அவரவர் அன்றாடம் புழங்கும் மொழியில் இருக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, பதிவு செய்த குரலா, எதிரில் இருப்பவரின் வாயா? சில இடங்களில் சோதிப்பவரே மைக்கில் சொற்களைச் சொல்லிவிடுகிறார். ஒருவர் அழுத்திச் சொல்வார், இன்னொருவர் விழுங்கிச் சொல்வார். இன்று வந்த மதிப்பெண்ணை அடுத்த வருடம் வரும் மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது. கண்ணாடி வழியாக உதடு தெரிந்தால் கேட்கவே வேண்டாம், காதுக்குப் பதில் கண் பரீட்சை எழுதிவிடும்.

மூன்றாவது, ‘இலவச காது பரிசோதனை முகாம்’. மண்டபத்திலோ கடை வாசலிலோ ஃபேனுக்குக் கீழே ஹெட்ஃபோன் மாட்டி எடுக்கும் ‘பீப்’ டெஸ்டில், கீழ்ச் சுருதி ஒலிகளைச் சுற்றுச் சத்தம் விழுங்கிவிடும். நல்ல காதுக்கும் குறை இருப்பதாகக் காட்டும். “பாருங்க, இரைச்சல்ல உங்களுக்குக் கேக்கல” என்பார்கள். அளவு தெரியாத இரைச்சலில் எடுப்பது இரைச்சல் சோதனை ஆகாது. இரைச்சல் எவ்வளவு, பேச்சு எவ்வளவு என்று இரண்டையும் அளந்து கொடுப்பதுதான் சோதனை. முகாமை ஒரு எச்சரிக்கை மணியாக வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து அங்கேயே பணம் கட்டாதீர்கள்.

செல்போனிலும் ஒரு வழி இருக்கிறது. நெதர்லாந்தில் 2003-இலேயே வீட்டு டெலிபோன் வழியாக இரைச்சலுக்குள் எண்களைச் சொல்லி, கேட்பவரை அந்த எண் பட்டன்களை அழுத்த வைத்துச் சோதித்தார்கள். அதே வழியில் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘ஹியர்ஹூ’ என்ற இலவசச் செயலியை வெளியிட்டது. மூன்று எண்கள் காதில் விழும், அவற்றை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் இரைச்சல் கூடும், தப்பினால் குறையும். பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது என்பதால், விலை மலிந்த போனிலும் ஓரளவு நம்பலாம். ஆனால் வீடு அமைதியாக இருக்க வேண்டும், ஹெட்ஃபோன் போட வேண்டும், அந்த மொழி எண்கள் தடுமாறாமல் வருகிறவராக இருக்க வேண்டும். இன்னொன்று, இதில் தேறிவிட்டால் காது முழுக்க நலம் என்று நினைத்துவிடாதீர்கள். குறும்பி அடைப்பும் நடுச்செவிக் கோளாறும் உள்ளவர்கள் வால்யூமைக் கூட்டிவைத்து இதில் சுலபமாகத் தேறிவிடுவார்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரைச்சலில் பேச்சைப் பிரிக்கும் திறன் பிள்ளைகளுக்கு முழுமையாக வளர, பதின்ம வயது ஆகிவிடும். அதனால்தான் வகுப்பறையில் ஆசிரியர் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது தூக்கலாக இருக்க வேண்டும் என்று துறைசார் பரிந்துரைகள் சொல்கின்றன. ரோட்டோரப் பள்ளி, தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன், பக்கத்து வகுப்பில் கோரஸாக வாய்ப்பாடு, கடைசி பெஞ்ச். எங்கே கிடைக்கும் அந்த 15? சளியால் நடுச்செவியில் நீர் கோத்திருந்தால் இன்னும் மோசம். “கவனமே இல்லை”, “கனவு காண்கிறான்” என்று டயரியில் எழுதி அனுப்புகிறார்கள். வீட்டில் அமைதியாகச் சொன்னால் புரிந்துகொள்ளும் பிள்ளை, வகுப்பில் மட்டும் திணறினால் அடிக்கவோ திட்டவோ போகாமல் முதலில் காதைப் பாருங்கள். அதுவரை முன் பெஞ்ச் கேளுங்கள்.

விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குமாரபாளையமோ பள்ளிபாளையமோ சோமனூரோ, நாடா ஓடும் தறிக்கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அங்கே பேச்சே கிடையாது, ஜாடைதான். இருபது வருடம் கழித்து, வீட்டிலும் ஜாடை தேவைப்படுகிறது. இந்தச் சேதம் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதலில் குழி பறிக்கும், கீழ்ச் சுருதி நன்றாகவே இருக்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர் என்கிறது. சந்தையில் ஒரு வார்த்தை புரியாதவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார். கணக்கு மாறும்வரை காத்திருக்க வேண்டாம். தறிக்குப் போகும்போது காதடைப்பான் போடுங்கள், வருடத்துக்கு ஒரு தடவை ‘பீப்’ சோதனையோடு இரைச்சல் சோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. கூட்டத்தில் பேச்சு புரியாதவர் மெல்ல மெல்லக் கூட்டத்துக்குப் போவதையே நிறுத்திக்கொள்வார். சம்பந்தமில்லாத பதில் சொல்வார். “அப்பாவுக்குப் புத்தி மங்குது” என்று பேச்சு கிளம்பும். 2024-இல் லான்செட் ஆணையம், தவிர்க்கக்கூடிய மறதிநோய்க் காரணிகள் என்று பட்டியலிட்ட 14-இல் செவித்திறன் குறைவும் ஒன்று. மறதிதான் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் காதைச் சோதியுங்கள், இரைச்சலிலும் சோதியுங்கள்.

கடைசியில் காது மெஷின். இங்கேதான் பணமும் போகிறது, மெஷினும் பீரோவுக்குள் போய்விடுகிறது. ‘பீப்’ டெஸ்டை மட்டும் வைத்து வாங்கிய மெஷின், பேச்சைப் பெரிதாக்குவதோடு சேர்த்து மிக்ஸியையும் ஹாரனையும் பெரிதாக்கிவிடும். இரைச்சல் மதிப்பெண் மோசமாக உள்ளவருக்கு ஒலியைக் கூட்டினால் மட்டும் போதாது. எதிரே இருப்பவர் பக்கம் காதைக் குவிக்கும் டைரக்‌ஷனல் மைக் வேண்டும், சிலருக்குப் பேசுபவர் சட்டையில் மாட்டும் ரிமோட் மைக்கே வேண்டியிருக்கும். அது தெரியாமல் விற்பவரிடமும் தெரிந்தும் சொல்லாதவரிடமும் மாட்டிக்கொள்ளாதீர்கள். சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்தானா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். மெஷின் போடாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை, ஸ்பீக்கரில் இரைச்சல் சோதனை செய்து இரண்டு மதிப்பெண்ணையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். “அதெல்லாம் தேவையில்லை, போடப் போடப் பழகிடும்” என்றால், எழுந்து வந்துவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சந்தையிலும் பஸ்ஸிலும் போட்டுப் பார்க்க அவகாசம் கொடுக்காத இடத்திலும் வாங்க வேண்டாம்.

இவ்வளவும் ஆற அமரச் செய்யக்கூடியவை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஆற அமர நேரம் கிடையாது. காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டதா? போனை அந்தக் காதில் வைத்தால் சத்தம் வருகிறது, வார்த்தை மட்டும் நொறுங்கி விழுகிறதா? குறும்பியாக இருக்கும் என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு உட்காராதீர்கள். உட்செவி நரம்புப் பக்கத் திடீர் இழப்பாக இருந்தால், மருந்துக்குக் காது ஓரளவு திரும்பும் வாய்ப்பு முதல் சில நாட்களில்தான் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் அது வேகமாகக் குறைந்துவிடும். அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். ஒரு காதில் மட்டும் பேச்சுத் தெளிவு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். செவி நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய, அவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். மறுக்காமல் எடுத்துவிடுங்கள்.